வெளியேறலும் குரலும்: ஹிர்ஷ்மனின் நூலைக் காட்டுப்பள்ளிக் கரையிலிருந்து வாசித்தல்

தன் நாட்டை ஆளுவோர்மீது மனங்கசந்த ஒருவர் அந்நாட்டிலேயே இருந்து போராடவேண்டுமா, அல்லது அதனைவிட்டுப் போய்விடலாமா? இவ்வினா நம்முடைய ஆலயங்களில் உரக்கக் கேட்கப்படுவதில்லை, வீடுகளில் கேட்கப்படுகிறது. இந்த நாட்டில் இனி நமக்கு என்ன இருக்கிறது என்று பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்வதை ஆயர்கள் நன்கு அறிவர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தனர் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இவர்கள் அனைவரும் ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பினால் போனவர்கள் எனக் கூறுவதற்கில்லை. தொழில், கல்வி, குடும்பம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் புறப்பாட்டை நியாயப்படுத்தும்போது ஆட்சியின் குறைகளே பெரும்பாலும் பேச்சில் முன்நிற்கின்றன.

நம் பிரசங்க பீடமோ இவ்வினாவுக்கு இரண்டு வேதபகுதிகளையே மாறிமாறி விடையாகத் தந்துவந்திருக்கிறது. போகிறவருக்கு ஆபிரகாமின் அழைப்பு. இருக்கிறவருக்கு ரோமர் பதின்மூன்றாம் அதிகாரம். முன்னது போவோரை ஆசீர்வதித்து அனுப்பிவிடுகிறது. பின்னது இருப்போரின் வாயை அடைத்துவிடுகிறது. போகாமலும் அடங்காமலும் இருப்பவருக்கு நம்மிடம் செய்தி இல்லை.

இக்குறையை எண்ணும்போது, ஆல்பர்ட் ஓ. ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட 'எக்சிட், வாய்ஸ் அண்ட் லாயல்டி' என்ற சிறு நூலை நாம் மீண்டும் வாசிப்பது நலம். வெளியேறல், குரல், பற்றுறுதி எனத் தமிழில் கூறலாம். அந்நூலின் கருத்துகளைப் பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் அருகிலுள்ள காட்டுப்பள்ளி மீனவ ஊர்களின் நிலையோடு ஒப்பிட்டு, அவற்றின் வலிமையையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலும் ஆசிரியரும்

ஹிர்ஷ்மன் 1915-இல் பெர்லின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயதில், ஜெர்மனியைவிட்டு வெளியேறினார். 1940-இல் பிரான்சின் மார்செய் நகரில் வேரியன் ஃபிரை என்னும் அமெரிக்கரோடு சேர்ந்து, நாசிகளால் தேடப்பட்ட எழுத்தாளரும் கலைஞரும் தப்பிச்செல்லத் துணைநின்றார். பின்னர் தாமும் அமெரிக்காவுக்குச் சென்றார். 2012-இல் காலமானார். வெளியேறலைப்பற்றி எழுதுவதற்கு இவரைவிடத் தகுதியுடையவர் சிலரே.

நூலின் அடிப்படைக் கருத்து எளியது. ஓர் அமைப்பு சீர்கெடும்போது, அதில் உள்ளவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. அதைவிட்டு விலகலாம், அல்லது உள்ளே நின்று முறையிடலாம். முதலாவது சந்தையின் வழி, இரண்டாவது அரசியலின் வழி. எந்த வழியை எப்போது மனிதர் தெரிந்துகொள்கின்றனர் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றலே பற்றுறுதி. அது புறப்பாட்டைத் தாமதப்படுத்தி, குரல் எழுவதற்குக் காலம் தருகிறது.

இக்கருத்து அவருக்கு நைஜீரியாவில் உதித்தது. அங்கே இரயில்வே சீர்கெட்டிருந்தது. போட்டியாக லாரிகள் ஓடின. போட்டி வந்தால் இரயில்வே திருந்தும் என்பதே பொருளியலார் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. குறைகளை உரக்கச் சொல்லக்கூடிய பெரிய வணிகரெல்லாம் லாரிக்கு மாறிவிட்டனர். எஞ்சியவர்களுக்குக் குரல் இல்லை. இரயில்வே நிம்மதியாகத் தன் சீர்கேட்டில் தொடர்ந்தது. தரத்தில் அக்கறையுள்ளவர்களே முதலில் போய்விடுகின்றனர். அதனால் சீர்கேடு திருந்தாமல் நிலைக்கிறது. இதுவே நூலின் மிகக் கூர்மையான கண்டுபிடிப்பு எனலாம்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. தம் நூலின் ஜெர்மானியப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இச்சிந்தனையின் அடியில் ஜெர்மனியில் எஞ்சிய யூதர்களின் கதி இருந்திருக்கலாமென ஹிர்ஷ்மன் குறிப்பிட்டார். தம்மைப்போன்ற இளைஞரும் வலுவுள்ளோரும் தொடக்கத்திலேயே போய்விட்டதனால், பின்னே விடப்பட்ட சமுதாயம் வலுவிழந்து நின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். போகாதிருந்தால் அவரும் மாண்டிருப்பார். அதையும் அவர் அறிவார். வெளியேறியதற்காக அவர் வருந்தவில்லை. ஆனால் அதற்கு வேறொருவர் விலை கொடுத்ததை மறக்கவுமில்லை. போவோருக்கு நம் சபைகள் கற்றுத்தராத பாடம் இது.

2. ஆளுவோர் விரும்பும் வெளியேறல்

நூலில் இறையியலார் கவனிக்கவேண்டிய மற்றொரு பகுதி உண்டு. இலத்தீன் அமெரிக்காவின் ஆட்சியாளர் தம் எதிரிகள் தாமாகவே நாட்டைவிட்டுப் போய்விடுவதைப் பெரிதும் விரும்பினர் என்று ஆசிரியர் காட்டுகிறார். எதிர்ப்பவன் போய்விட்டால் எதிர்ப்பும் போய்விடுகிறது. ஆகவே புறப்பாடு எப்போதும் ஆட்சியின்மீது இடப்படும் கண்டனம் ஆகிவிடாது; சிலவேளைகளில் அது ஆட்சிக்குச் செய்யப்படும் உதவியாகவும் முடிகிறது.

இதனை நம் வேதம் ஏற்கனவே அறிந்திருக்கிறது. பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா ஆமோசைக் கொல்லும்படி கேட்கவில்லை. யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள் என்றே அறிவுரை கூறினான். எல்லைக்கு அப்பால் பேசப்படும் உண்மை அரண்மனைக்கு இடையூறு அன்று. ஆமோஸ் அந்த அறிவுரையைத் தன் உழைப்பின் பெயரால் மறுத்தான்: தான் மந்தை மேய்ப்பவன், காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன், வேலைதேடித் திரியும் தீர்க்கதரிசி அல்லன்.

நம் நாட்டு வரலாற்றில் இதற்கு இணையாக நெருக்கடிநிலைக் காலத்தைக் கூறலாம். 1975 முதல் 1977 வரை திருச்சபைத் தலைவர் பலர் மௌனம் காத்தபோது, எம். எம். தாமஸ் 'கார்டியன்' என்னும் கிறிஸ்தவ வார இதழில் தொடர்ந்து எழுதினார். உலகத் திருச்சபை மாமன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக இருந்த அவருக்கு வெளிநாட்டில் இடம் கிடைப்பது அரிதாயிருக்காது. அவர் இங்கிருந்து எழுதியதே அவ்வெழுத்துக்கு எடையைத் தந்தது.

3. காட்டுப்பள்ளி நூலைச் சோதிக்கிறது

இனி நூலின் குறைக்கு வருவோம். ஹிர்ஷ்மனின் மனிதன் ஒரு கதவின் முன் நிற்கிறான். திறந்துகொண்டு போகலாம், அல்லது உள்ளே நிற்கலாம். காட்டுப்பள்ளிக் கரையில் நிற்பவருக்கு இச்சித்திரம் பொருந்துவதில்லை.

பழவேற்காட்டின் வரலாற்றில் புறப்பாட்டின் பல வடிவங்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில், புதிய கலீபாவுக்குக் கட்டுப்பட மறுத்ததால் மக்காவிலிருந்து துரத்தப்பட்ட அராபியர் நான்கு படகுகளில் இக்கரையை அடைந்தனர் என்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் மரபுவழிச் செய்தி. ஆட்சியோடு ஒவ்வாமல் வந்தவர்களுக்கு இந்தக் கரை இடம் தந்தது. அதே கரையில் 1613-இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை நிறுவினர். அந்நூற்றாண்டில் அவர்களுடைய கம்பெனி பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக வாங்கி, இத்துறையிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியது. அராபியரின் புறப்பாட்டில் அவர்களுடைய மறுப்பு இருந்தது. அடிமைகளின் புறப்பாட்டில் அவர்களுடைய விருப்பம் சிறிதுமில்லை. கடல்தாண்டிப் போதல் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது எவ்வளவு தவறானது என்பதை இக்கரையே காட்டுகிறது.

மூன்றாவது வடிவம் நம் காலத்தது. இதில் மனிதன் நாட்டைவிட்டுப் போவதில்லை. நாடு அவன் காலடியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஏரியின் கிழக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் ராக்கெட் ஏவுதளத்திற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது; அத்தீவில் வாழ்ந்தோர் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். தெற்கே, லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் மாநில அரசின் டிட்கோவும் கூட்டாகக் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தபோது, காட்டுப்பள்ளிக் குப்பம் தன் பழைய இடத்தைவிட்டு அகற்றப்பட்டது. துறைமுகம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. குடும்பங்களுக்கு ஒப்பந்த வேலைகள் தரப்பட்டன. அவற்றை நிரந்தரமாக்கக் கோரி அம்மக்கள் பின்னர் போராடவேண்டியதாயிற்று. 2018-இல் துறைமுகம் அதானி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அதன்பின், சுமார் 330 ஏக்கர் பரப்பை 6,110 ஏக்கராக விரிவாக்கும் 53,031 கோடி ரூபாய்த் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதில் அடங்கும்.

இதன் விளைவு ஊர் எல்லையோடு நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டுமுழுதும் கொண்டுசெல்லும் மணலின் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்டால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பவை பழவேற்காட்டின் மீனவ ஊர்கள். அவர்களுள் யாரும் எந்த ஆணையையும் பெறாமலேயே வெளியேற்றப்படலாம். கடலே அந்த ஆணையைக் கொண்டுவரும்.

இவர்களுக்கு ஹிர்ஷ்மனின் கதவு எங்கே இருக்கிறது? மருத்துவரின் பட்டம் இலண்டனில் செல்லும். கணிப்பொறி அறிந்தவரின் திறமை எங்கும் விலைபோகும். ஏரியின் ஆழமும் நீரோட்டமும் உப்பும் எந்த மாதத்தில் எப்படி மாறும் என்பதை அறிந்த மீனவரின் அறிவோ இந்த ஏரியில் மட்டுமே அறிவாகும். சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் நிலையும் இதுவே. ஆகவே புறப்பாடு எல்லாருக்கும் சமமாகக் கிட்டும் உரிமையன்று. சிலருடைய சொத்து அது. நைஜீரிய இரயில்வேயில் லாரிக்கு மாற இயலாதோர் எஞ்சினர் என ஹிர்ஷ்மன் சொன்னார். ஆனால் எஞ்சியோரின் நிலையிலிருந்து அவர் தம் நூலை எழுதவில்லை. போகக்கூடியவரின் தெரிவே அவருடைய ஆய்வின் மையம்.

குரலைப்பற்றியும் இக்கரை கற்றுத்தருவது உண்டு. பழவேற்காட்டில் பாடு என்னும் மரபு நெடுங்காலமாக உள்ளது. ஏரியின் மீன்பிடி இடங்களை ஊர்கள் கூடி, சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல இடம் ஒருவரிடமே நிலைக்காமல் சுற்றிவருகிறது. அரசு எதுவும் கற்பிக்காத குடியாட்சி இது. அதே வேளையில், இந்த உரிமை பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கே உரியதாயிருந்து, இருளரும் பெண்களும் வெளியே நிற்கின்றனர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. குரல் எழுப்பும் அமைப்பு ஓர் ஊரில் இருப்பதனாலேயே எல்லாருக்கும் குரல் இருக்கிறதென ஆகிவிடாது. ஹிர்ஷ்மன் குரலை ஒன்றாகவே பேசுகிறார். அது சாதியாலும் பாலாலும் பிளவுண்டு கிடப்பதை நாமே எடுத்துக்கூறவேண்டும்.

இருப்பினும் அந்தக் குரல் வீண்போகவில்லை. விரிவாக்கத் திட்டத்திற்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் நடத்தப்படுவதாயிருந்து தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. அலுவலகங்கள் கூறிய காரணங்கள் எவையாயினும், இடைப்பட்ட ஆண்டுகளில் மீனவ ஊர்களின் எதிர்ப்பு ஓயாதிருந்தது என்பது உண்மை. இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். நாபோத்தின் கதையை அவர்கள் வாசித்திருக்கமாட்டார்கள். ஆனால் வேறு நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்று அரசன் சொன்னபோது நாபோத் ஏன் மறுத்தான் என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவர். அந்தக் கதையில் ஆகாப் முதலில் கேட்டது அநியாயமான விலையன்று என்பதை நாம் பலமுறை கவனியாமல் விடுகிறோம். பிதாக்களின் சுதந்தரத்தை விலைபேசியதே அநியாயம்.

4. போகவேண்டிய வேளை

இவ்வளவும் கூறியதனால், போகிறவர் எல்லாரும் கோழைகள் என்று முடிவுகட்டுவது பெரும் பாவமாகும். பழவேற்காட்டிலிருந்து தொலைவில் இல்லாத கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983 ஜூலைக்குப்பின் இலங்கையில் தமிழருக்கு நேர்ந்ததை அறிந்தவர் எவரும், அவர்கள் அங்கேயே இருந்து குரல் கொடுத்திருக்கவேண்டும் என்று சொல்லத் துணியமாட்டார். குரல் கொடுப்பதற்கு உயிர் வேண்டும். ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்துக்குச் சென்ற குடும்பத்தை நாம் வணங்குகிறோம், அதனைக் குறைகூறுவதில்லை. வந்தவர்களுக்கு நம் நாடு செய்தது என்ன என்பதே நமக்குரிய கேள்வி. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் அகதிகளுக்கு வழிதிறந்தபோது, இலங்கைத் தமிழரை விட்டுவிட்டது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எந்த நாட்டைவிட்டு வெளியேற முடியும்? அவர்கள் இன்னும் எந்த நாட்டிற்குள்ளும் நுழையவில்லை.

போதலும் இருத்தலும் ஒன்றையொன்று அழிப்பவையும் அல்ல. ஹிர்ஷ்மனே இதனைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். கிழக்கு ஜெர்மனியைப்பற்றி 1993-இல் எழுதிய கட்டுரையில் தம் பழைய கோட்பாட்டைத் திருத்தினார். 1989-இல் ஹங்கேரியின் எல்லை திறக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் போனபோது, அது எஞ்சியோரின் வாயை அடைக்கவில்லை, திறந்தது. லைப்சிக் நகரின் தூய நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கட்கிழமைதோறும் சமாதானத்திற்காக ஜெபித்தவர்கள் தெருவுக்கு வந்து, தாங்கள் போகப்போவதில்லை என்று முழங்கினர். அந்த நவம்பரில் பெர்லின் மதில் விழுந்தது. தாம் எழுதிய நூலைத் தாமே திருத்தும் இந்நேர்மை பாராட்டத்தக்கது.

இறையியலாரிடையேயும் இருவகையினரும் உண்டு. பால் டில்லிக் 1933-இல் ஜெர்மனியைவிட்டு அமெரிக்கா சென்றார். அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறையியலைச் செழிப்பித்தார். போனோபர் 1939 ஜூனில் நியூயார்க் சென்று, சில வாரங்களிலேயே திரும்பினார். தம் மக்களின் துன்பத்தில் பங்குபெறாவிட்டால், போருக்குப்பின் அந்நாட்டைக் கட்டியெழுப்புவதில் பங்குபெறத் தமக்கு உரிமையிராது என்பதே அவர் கூறிய காரணம். 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். டில்லிக்கைப் பழித்துப் போனோபரைப் புகழ்வது எளிது. ஆனால் டில்லிக் வேலைநீக்கம் செய்யப்பட்டவர். அவருடைய குரல் அங்கே பறிக்கப்பட்டிருந்தது. போனோபருக்கோ திரும்பிச்செல்வதற்கு அறிக்கைத் திருச்சபை என்ற மந்தை இருந்தது.

5. எவர்மீது பற்றுறுதி?

இங்கேதான் நூலின் ஆழமான குறை வெளிப்படுகிறது. ஹிர்ஷ்மனிடம் பற்றுறுதி அமைப்பின்மீது கொள்ளப்படுவது. நாட்டின்மீது, கட்சியின்மீது, நிறுவனத்தின்மீது. விவிலியம் அறிந்த பற்றுறுதி இதற்கு மாறானது. எரேமியாவைக் காண்க. அவன் தன் நாட்டு ஆட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்தான். பகைவரிடம் ஓடுகிறான் என்ற பொய்க்குற்றச்சாட்டில் பென்யமீன் வாசலில் பிடிக்கப்பட்டான். உளையான துரவில் இறக்கப்பட்டான். நகரைவிட்டு வெளியே போகிறவன் உயிர்பிழைப்பான் என்று மக்களுக்குச் சொன்னவனும் அவனே. பாபிலோனுக்குப் போனவர்கள் அங்கே வீடுகட்டி அந்நகரின் சமாதானத்தைத் தேடவேண்டும் என்று கடிதம் எழுதினான். எருசலேம் விழுந்தபின் எகிப்துக்கு ஓட விரும்பியவர்களையோ தடுத்தான்.

இவற்றிலிருந்து போ என்றோ இரு என்றோ பொதுவிதி ஒன்றை எடுக்க முடியாது. ஆனால் நேபுசராதான் அவன் விலங்குகளைக் கழற்றி, பாபிலோனுக்கு வந்தால் ஆதரவு உண்டு, விருப்பமானால் எங்கும் போகலாம் என்று சொன்ன வேளையில், எரேமியா மிஸ்பாவுக்குச் சென்று நாட்டில் விடப்பட்ட மக்கள் நடுவே தங்கினான். ஒன்றுமில்லாத எளியவர்களே அங்கே விடப்பட்டிருந்தனர். அரசு இல்லை, ஆலயம் இல்லை, சுதந்தரமும் இல்லை. அவன் பற்றுறுதி கொண்டது ஆட்சியின்மீது அன்று, நாடு என்னும் கற்பனையின்மீதும் அன்று, போக இயலாதவர்மீது. பின்னர் அந்த மக்கள் அவன் சொல்லை மீறி எகிப்துக்குப் போனபோது, அவனையும் உடன் கொண்டுபோனார்கள்.

ஆட்சிமீதுள்ள வெறுப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் போவதும் இருப்பதும் நம்மைப்பற்றிய தீர்மானங்களாகவே நின்றுவிடும். போக இயலாதவரை அளவுகோலாகக் கொண்டால், கேள்வி மாறுகிறது. நான் போனால் எவருடைய குரல் குறையும்? நான் இருந்தால் எவருக்காகப் பேசுவேன்? இருந்தும் பேசாதவன், போனவனைக் கண்டிக்கத் தகுதியற்றவன். போய்விட்டு, எஞ்சியவரின் பொருட்டுத் தொடர்ந்து பேசுகிறவனோ முழுவதும் போனவன் அல்லன்.

6. ஆயர்களுக்கு

இவ்வாராய்ச்சி நம்மையே முதலில் நியாயந்தீர்க்கிறது. மேற்படிப்புக்கு அயல்நாடு சென்று திரும்பாத இறையியல் மாணவரை நாம் அறிவோம். ஏரிக்கரைச் சேகரத்தைத் தண்டனை இடமாற்றமாகக் கருதும் வழக்கத்தையும் அறிவோம். நாட்டுக்குள்ளேயே நிகழும் இந்தப் புறப்பாட்டிற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அதனால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. போகக்கூடியவர் போய், போக இயலாதவர் எஞ்சும் ஊரில், நைஜீரிய இரயில்வேயின் கதை நடந்தேறுகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்டத்தின் சுருக்க அறிக்கை வட்டார மொழியிலும் தரப்படவேண்டும். முழு அறிக்கையோ ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கிறது. கடலின் போக்கை அறிந்தவர் அதைப் படிக்க இயலாது. படிக்கக் கூடியவர் அந்த ஊரில் இல்லை. எபிரெயமும் கிரேக்கமும் பயின்று, ஒரு சொல்லின் வேரைத் தேடி நாட்கணக்கில் உழைக்கத் தெரிந்த ஆயர் ஒருவர், அவ்வறிக்கையை மீனவரோடு உட்கார்ந்து வாசித்து விளக்கினால், அதுவும் வேதவிளக்கப் பணியின் நீட்சியே. அவர்களுக்காகப் பேச அவர் முந்தவேண்டியதில்லை. அவர்கள் நன்றாகவே பேசுவர்.

நம்மிடம் ஆசி கேட்டு வரும் இளைஞனுக்கும் இனி ஆபிரகாமை மட்டும் சொல்லி அனுப்பவேண்டாம். அவனை இங்கே அச்சுறுத்துவது எது, பின்னே நிற்பவர் யார், அவர்களோடு அவனுக்கு இனி என்ன உறவு என்று கேட்போம். போகவேண்டியதாயின் கண்ணீரோடும் கடமையோடும் போகட்டும். தங்குவதாயின் மௌனமாகத் தங்கவேண்டாம். ஹிர்ஷ்மனின் நூல் இக்கேள்விகளைக் கேட்க நமக்குச் சொற்களைத் தருகிறது. ஆகவே மாணவர் அதனைப் படிக்கவேண்டும். விடையை அந்நூலில் தேடவேண்டாம். கதவே இல்லாத இடத்தில் நின்று குரல் கொடுத்துவரும் காட்டுப்பள்ளி ஊர்களையும் அதனோடு சேர்த்துப் படிப்பதே முறையாகும்.